கட்டிலுக்கு அடியில் கலியாண வீடுகள்

லண்டன் தமிழரின் வீடியோ கசெட்டுகளைக் குறைந்த செலவில் டிவிடிக்கு மாற்ற எதை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது?

வெம்பிளி, டூட்டிங், ஈஸ்ட்ஹாம் என்று எந்தப் பக்கம் போனாலும் சரி, எண்பதுகளிலோ தொண்ணூறுகளிலோ வந்து குடியேறிய தமிழ்க் குடும்பமென்றால் கட்டிலுக்கு அடியில் அல்லது லொஃப்ட்டில் ஒரு பழைய சூட்கேஸ் இருக்கும். திறந்தால் கறுப்பு வி.எச்.எஸ். கசெட்டுகள். முதுகில் ஒட்டிய தாளில் நீல மையில் ‘தம்பி கலியாணம், கொழும்பு, பகுதி 2’ என்றிருக்கும். ‘மூத்தவளின் சாமத்திய வீடு’ என்றிருக்கும். ‘அரங்கேற்றம் – அழிக்க வேண்டாம்’ என்றும் இருக்கும். எழுதியது போதாதென்று முதுகின் ஓரத்தில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் துண்டையும் உடைத்துவிட்டிருப்பார்கள். அது உடைந்த கசெட்டில் எந்த டெக்கும் புதிதாகப் பதியாது. உடைந்த இடத்தின்மேல் செலோடேப் ஒட்டியிருந்தால்தான் வயிறு கலங்க வேண்டும். யாரோ ஒரு மச்சான் அரங்கேற்றத்தின்மேல் ரஜினி படம் பதிந்திருக்கக்கூடும்.

இந்தக் கசெட்டுகளின் கனம் தனி. 1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு வந்த பிள்ளைகள் லண்டனில் தாலி கட்டியபோது பலருடைய தாய் தகப்பன் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். விசாவும் இல்லை, பாதையும் இல்லை. கொழும்புக்குப் போகிற ஆரோ ஒருவர் கையில் கசெட்டைக் கொடுத்துவிட்டார்கள். 1990இலிருந்து பல வருடம் மின்சாரமே இல்லாதிருந்த குடாநாட்டில், ஜெனரேட்டர் பிடித்து, டெக் வாடகைக்கு எடுத்து, அயலட்டைச் சனமெல்லாம் கூடியிருந்து பார்த்த கலியாணங்கள் அவை. எதிர்த்திசையிலும் கசெட்டுகள் வந்தன: ஊர்க்கோயில் தேர், அம்மப்பாவின் எண்பதாம் பிறந்தநாள், செத்தவீடு. வீடும் போய், சுவரில் மாட்டிய படங்களும் போன குடும்பங்களுக்கு அந்த முற்றமும் அந்தக் குரல்களும் இனி எங்கே இருக்கின்றன என்று கேட்டால், லண்டன் சூட்கேஸைத்தான் காட்ட வேண்டும்.

விம்பிள்டன் பிள்ளையார் கோயில் 1981இல் தொடங்கியது. ஹைகேட் ஹில் முருகன் கோயில் 1986இல் எழுந்தது. அங்கே நடந்த முதல் திருவிழாக்களையும் கலியாணங்களையும் யாராவது தோளில் கமராவைத் தூக்கி எடுத்திருந்தால் அவையும் இப்படித்தான் ஒரு சூட்கேஸில் கிடக்கும். இந்நகரத்துத் தமிழரின் முதல் இருபது வருட வரலாற்றில் எழுத்தாக இருப்பது கொஞ்சம். காந்த நாடாவில் இருப்பது நிறைய.

கசெட் இருக்கிறது, போட்டுப் பார்க்க டெக் இல்லை. பிரித்தானியாவின் தெருவுக்குத் தெரு கடை வைத்திருந்த டிக்சன்ஸ், வீடியோ டெக் விற்பதை நிறுத்தப்போவதாக 2004 நவம்பரில் அறிவித்தது. உலகத்திலேயே கடைசியாக டெக் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் அந்த வேலையை விட்டது. 2019இல் யுனெஸ்கோவும் ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமும் சேர்ந்து காந்த நாடா எச்சரிக்கை ஒன்றை விடுத்தன. 2025 அளவில் நாடாவை ஓட்டக்கூடிய இயந்திரமும் உதிரிப்பாகமும் கைதேர்ந்த ஆட்களும் அருகிவிடுவார்கள் என்பது அதன் சாரம். அந்த வருடம் வந்து போய்விட்டது. பிரித்தானியத் திரைப்படக் கழகம் தன் பங்குக்கு 1 லட்சம் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை நாடாவிலிருந்து மீட்கும் திட்டம் போட்டது. அரசுப் பணமும் காப்பகமும் உள்ளவர்களின் கதை அது. சாமத்திய வீட்டுக் கசெட்டுக்கு அப்படியொரு திட்டம் எவரும் போடமாட்டார்கள்.

நாடா ஒரே நாளில் அழிந்துவிடும் என்று பயமுறுத்தும் விளம்பரங்களையும் அப்படியே நம்ப வேண்டாம். ஈரம் படாமல், நிமிர்த்தி வைத்த வி.எச்.எஸ். கசெட் முப்பத்தைந்து வருடம் கழித்தும் ஓடுகிறது. முதலில் சாவது இயந்திரம். இந்தக் கட்டுரை சொல்ல வருவதும் அதைத்தான். கசெட்டை டிவிடிக்கு மாற்ற வேண்டும் என்றதும் எல்லோரும் முதலில் தேடுவது கணினியில் செருகிப் படத்தைப் பதியும் யூஎஸ்பி குச்சியை. பத்துப் பவுணுக்கு அது கிடைத்ததும் வேலை பாதி முடிந்த மாதிரி இருக்கும். உண்மையில் படம் எப்படி வரும் என்பதை அந்தக் குச்சி தீர்மானிப்பது குறைவு. டெக்தான் தீர்மானிக்கிறது. கையில் இருக்கிற பணம் 150 பவுண் என்றால் அதில் பெரும்பங்கு டெக்குக்கே போகட்டும்.

பாரமான டெக்கைத் தூக்குங்கள்

லண்டனில் டெக் கிடைக்கும் இடங்கள் தெரிந்தவைதான்: ஈபே, கம்ட்ரீ, ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், ஞாயிற்றுக்கிழமை கார்பூட் சந்தை, மின்சாதனம் விற்கும் சரிட்டிக் கடைகள். ஓடுகிற டெக்குக்கு ஏறத்தாழ 40 முதல் 80 பவுண் வரை கேட்கிறார்கள். ‘டெஸ்ட் பண்ணவில்லை’ என்று எழுதி 15 பவுணுக்குப் போட்டிருந்தால், பெரும்பாலும் டெஸ்ட் பண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அப்படி எழுதியிருப்பார்கள்.

நேரில் போய் வாங்குவது நல்லது. போகும்போது கெட்டாலும் கவலையில்லாத ஒரு கசெட்டைக் கொண்டுபோங்கள். அம்மாவின் கலியாணக் கசெட்டைத் தெரியாத டெக்கில் முதன்முதலாகப் போடுவது பைத்தியக்காரத்தனம். ரப்பர் பழசாகிப்போன டெக் நாடாவை இழுத்துக் கசக்கிவிடும். கொண்டுபோன கசெட்டை உள்ளே தள்ளி, ஓடவிட்டு, முன்னும் பின்னும் சுற்றி, வெளியே எடுத்து, கதவைத் தூக்கி நாடாவின் ஓரத்தைப் பாருங்கள். ஓரம் மடிந்திருந்தால் அந்த டெக் வேண்டாம். சுற்றும்போது கிரீச்சென்று சத்தம் வந்தாலும் வேண்டாம்.

பிரித்தானிய டெக்குகளில் முகப்பில் ‘நைகாம்’ என்று பொறித்திருக்கிறதா என்று பார்ப்பது ஒரு குறுக்குவழி. நைகாம் டெக் என்றால் ஹைஃபை ஸ்டீரியோ உண்டு. வி.எச்.எஸ். நாடாவில் சாதாரண ஒலி ஓரமாக ஒரு மெல்லிய கோட்டில் மட்டும் இருக்கும். ஹைஃபை ஒலியைச் சுழலும் ஹெட்டே படத்தோடு சேர்த்துப் பதியும். கமராக்காரர் நல்ல கருவி வைத்திருந்தால் நாதஸ்வரமும் தவிலும் அந்த ஹைஃபை தடத்தில் அப்படியே இருக்கும். மோனோ டெக்கில் போட்டால் அது உங்களுக்குக் கேட்கவே கேட்காது. ஹைஃபையில் கரகரவென்று இரைச்சல் வந்தால் ரிமோட்டில் ‘நார்மல்’ தடத்துக்கு மாற்றலாம். அதனால் ரிமோட்டும் வேண்டும்.

தொண்ணூறுகளின் பானசோனிக், ஜேவிசி டெக்குகள் என் தெரிவு. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்தவை தேதியில் புதிசு, உள்ளே பிளாஸ்டிக். தூக்கிப் பார்த்துப் பாரமானதை எடுங்கள் என்பது கடைக்காரர் பலர் சொல்லும் வழி. அது பெரும்பாலும் பொய்ப்பதில்லை.

வாங்கிவந்ததும் ஹெட்டைத் துடைக்க வேண்டும். மேல்மூடியைக் கழற்றினால், சற்றே சாய்ந்தபடி பளபளவென்று ஒரு உருளை தெரியும். விட்டம் 62 மில்லிமீட்டர். எங்கள் பால் (PAL) தொலைக்காட்சி முறையில் அது நிமிடத்துக்கு 1500 தடவை சுழல்கிறது. அதன் விளிம்பில் மிளகின் பருமன்கூட இல்லாத துண்டுகளாக இருப்பவைதான் ஹெட். காதுக் குச்சியால் துடைக்கப் போகாதீர்கள். பஞ்சு இழை சிக்கினால் ஹெட் உடைந்துவிடும். மின்சாரத்தை எடுத்துவிட்டு, மான்தோல் ஒட்டிய துடைப்பான் குச்சியை ஐசோபுரோப்பைல் அல்ககோலில் நனைத்து, உருளையின்மேல் அசையாமல் மெதுவாக வைத்துக்கொண்டு, மறு கையால் உருளையின் மேல்முகத்தைத் தொட்டுச் சுழற்றுங்கள். குச்சியை மேலும் கீழும் இழுக்கவே கூடாது. தோலில் பழுப்புக் கறை இறங்கும். ஐந்து நிமிடம் காயவிட்டுப் போட்டால், டிவியில் பனி கொட்டிக்கொண்டிருந்த இடத்தில் மணவறை தெரியும்.

கசெட்டையும் சோதிக்க வேண்டும். லண்டன் லொஃப்ட்டின் ஈரம் பொல்லாதது. கராஜ் அதைவிடப் பொல்லாதது. கசெட்டின் கண்ணாடி ஜன்னலை வெளிச்சத்துக்குப் பிடித்து, சுற்றியிருக்கும் நாடாவின் பக்கவாட்டைப் பாருங்கள். வழுவழுவென்று கறுப்பாக இருந்தால் நல்லது. மாவு தூவியமாதிரி வெள்ளையாகப் படர்ந்திருந்தால் பூஞ்சணம். அதை டெக்கில் போடாதீர்கள். நாடா கிழியலாம், பூஞ்சணத் தூள் ஹெட்டில் ஒட்டி அடுத்த கசெட்டுக்கும் தொற்றும். அந்த ஒன்றை மட்டும் காசு கொடுத்துத் தொழில் தெரிந்தவரிடம் துப்புரவாக்குவதுதான் சிக்கனம். கூடு மட்டும் உடைந்திருந்தால் பயமில்லை. கசெட்டின் அடியில் ஐந்து திருகாணிகள். கழற்றி, நாடாவை இன்னொரு நல்ல கூட்டுக்குள் மாற்றிவிடலாம். குளிர்ந்த லொஃப்ட்டிலிருந்து எடுத்ததை ஒருநாள் அறைச் சூட்டில் வைத்து, முழுக்க முன்னே ஓட்டிப் பின்னே சுற்றிவிட்டு, அதற்குப் பிறகு பதியுங்கள்.

ஐயரின் வாய் ஒரு பக்கம், மந்திரம் ஒரு பக்கம்

சொந்தமாக மாற்றியவர்கள் எல்லோரும் சொல்லும் குறை ஒன்று உண்டு. தொடக்கத்தில் சரியாக இருக்கும். அரைமணி கழித்துப் பார்த்தால் ஐயரின் வாய் அசைந்து முடிந்தபிறகு மந்திரம் வரும். குச்சி மலிவு என்று குச்சியைத் திட்டுவார்கள். குற்றம் அங்கே பாதிதான்.

பால் படத்தில் 625 கோடுகள், நொடிக்கு 25 படம். ஒவ்வொரு கோடும் சரியான நேரத்தில் வரவேண்டும். முப்பது வருடம் கிடந்து கொஞ்சம் இழுபட்ட நாடாவில் அந்த நேரம் தள்ளாடும். பழைய குழாய் டிவி அந்தத் தள்ளாட்டத்தைச் சமாளித்துக்கொள்ளும். கணினிக் குச்சி சமாளிக்காது. நேரம் பிசகிய படத்தை அது தவறவிட்டுவிடும், ஒலியைத் தவறவிடாது. அதனால்தான் வாயும் சொல்லும் பிரிகின்றன. மேல்விளிம்பில் மணவறைத் தூண்கள் வளைந்து கொடிபோல் ஆடுவதும் இதே காரணத்தால்தான்.

இதற்குத் தொழில்முறை மருந்து டைம்பேஸ் கரெக்டர் எனப்படும் நேரத் திருத்தி. பானசோனிக்கின் என்வி-எஃப்எஸ்200 போன்ற பெரிய டெக்குகளில் அது உள்ளேயே உண்டு. ஆனால் நல்ல நிலையில் அப்படியொன்று வாங்க நூற்றுக்கணக்கான பவுண் போய்விடும். ஏழைக்கேற்ற மருந்தை இதே தொழிலில் கிடந்து உழலும் ஆட்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். 2005 வாக்கில் வந்த பானசோனிக் டிஎம்ஆர்-ஈஎஸ்10 என்ற டிவிடி ரெக்கார்டர். அதன் பிறகு வந்த ஈஎஸ்15உம் அப்படித்தான். டெக்கின் வயரை அதற்குள் கொடுத்து, அதன் வெளியீட்டைக் குச்சிக்குக் கொடுத்தால், நடுவில் நின்று கோடுகளை நேராக்கி அனுப்பும். டிஸ்க் எதுவும் போடத் தேவையில்லை. டிஸ்க் எழுதும் பகுதி பழுதான பெட்டிகூடச் சிலவேளை இதற்குப் போதும். அதனால்தான் சந்தையில் ‘பழுது’ என்று கிடக்கும் ஈஎஸ்10ஐ விபரம் தெரிந்தவர்கள் கொத்திக்கொண்டு போகிறார்கள். வரவேற்பறையில் டிவிடி ரெக்கார்டர் வைத்திருந்த அத்தை மாமா யாராவது இருந்தால் முதலில் அவர்கள் அலுமாரியைத் திறந்து பாருங்கள்.

இனிக் குச்சி. ஈஸிகேப் என்ற பெயரில் ஒரே மாதிரிக் கூட்டுக்குள் உள்ளே வெவ்வேறு சிப்புகளோடு பல போலிகள் திரிகின்றன. இரண்டு பேர் ஒரே பெயரில் வாங்கி ஒருவருக்கு நன்றாகவும் மற்றவருக்குக் கேவலமாகவும் வருவது இதனால்தான். ஹொப்பாக் யூஎஸ்பி-லைவ்2, ஜப்பானின் ஐ-ஓ டேட்டா ஜிவி-யூஎஸ்பி2 போன்றவை கொஞ்சம் விலை கூட. ஆனால் சொன்ன வேலையைச் செய்யும். கனோபஸ் ஏடிவிசி பெட்டிகள் நல்ல சாமான்தான், ஆனால் அவற்றுக்கு ஃபயர்வயர் துளை வேண்டும். இன்றைய மடிக்கணினிகளில் அது இல்லை. மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரைச் செருகினால் எச்.டி. ஆக்கித் தருவதாகச் சொல்லும் சின்ன எச்டிஎம்ஐ பெட்டிகளைத் தொடாதீர்கள். அவை சதுரப்படத்தை அகல டிவிக்கு இழுத்து மாப்பிள்ளையைக் குண்டனாக்கும், அசைவைக் குழப்பும். வி.எச்.எஸ். நாடாவில் கிடைமட்டமாக ஏறத்தாழ 240 கோட்டு விபரந்தான் இருக்கிறது. அதை 1080 ஆக்கினால் விபரம் கூடாது, கோப்பின் பருமன் மட்டும் கூடும்.

ஒரு சின்ன வயர் வேலை பலரைக் கவிழ்க்கிறது. பிரித்தானிய டெக்கின் பின்னால் இருப்பது அகலமான ஸ்கார்ட் துளை. குச்சியில் இருப்பது மஞ்சள், சிவப்பு, வெள்ளை. நடுவே ஸ்கார்ட் மாற்றி வாங்குவோம். அந்த மாற்றியின் முதுகில் உள்ளே, வெளியே என்று மாற்றும் ஒரு குட்டி விசை இருக்கும். கறுத்த திரையைப் பார்த்து டெக் பழுது, குச்சி பழுது என்று முடிவுகட்டுவதற்கு முன் அந்த விசையை ‘வெளியே’ பக்கம் தள்ளுங்கள்.

‘சீடியிலை போட்டுத் தா, தம்பி’

டிவிடியா, இந்தக் காலத்திலா என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். மடிக்கணினியில் டிஸ்க் துளையே இல்லை, காரிலும் இல்லை. ஆனால் ஹரோவில் இருக்கும் ஒரு அம்மாவிடம் யூஎஸ்பியையோ கூகிள் இணைப்பையோ நீட்டிப் பாருங்கள். “உதெல்லாம் எனக்கு விளங்காது தம்பி, சீடியிலை போட்டுத் தா. போட்டால் ஓட வேணும்” என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவருடைய டிவிக்குக் கீழே டிவிடி பிளேயர் இருக்கிறது, ரிமோட்டின் பொத்தான் அவருக்கு மனப்பாடம்.

தொழில்நுட்ப நியாயமும் உண்டு. பால் டிவிடியின் படம் 720 × 576. நொடிக்கு 25 படம் என்றாலும் ஒவ்வொரு படமும் இரண்டு அரைப்படங்களாகப் பின்னி, நொடிக்கு 50 அசைவாகப் பதியும். வி.எச்.எஸ். பதிந்ததும் அதே 50 அசைவுதான். ஆகவே டிவிடி கசெட்டை வெட்டாமல் கொத்தாமல் அப்படியே ஏற்றுக்கொள்ளும். கணினிக் கோப்பாக மாற்றித் தரும் பல மலிவு மென்பொருள்கள் அந்த 50ஐக் கலந்து 25 ஆக்கிவிடுகின்றன. பேச்சுக் காட்சியில் வித்தியாசம் தெரியாது. அரங்கேற்றக் கசெட்டில் தெரியும். தில்லானாவில் கால் தட்டும் இடம் மசமசவென்று கரையும், மிருதங்கக்காரரின் விரல் இரண்டிரண்டாகத் தெரியும். ஆடிய பிள்ளைக்கு இன்று ஐம்பது வயது. அவள் தன் மகளுக்குக் காட்ட விரும்புவது அந்தக் காலடியைத்தான். கோப்பாகவும் வேண்டுமென்றால் நொடிக்கு 50 முழுப்படமாகப் பிரிக்கும்படி மென்பொருளில் தெரிவு செய்யுங்கள். இலவசமாகக் கிடைக்கும் ஓபிஎஸ் மென்பொருளில் ‘யாடிஃப் 2எக்ஸ்’ என்ற தெரிவு அதற்காகத்தான் இருக்கிறது.

டிஸ்க்கில் எவ்வளவு நேரம் பதியலாம் என்பதில்தான் கஞ்சத்தனம் புகுந்து கெடுக்கிறது. ஒரு டிவிடியில் 4.7 ஜிபி. இரண்டு மணி நேரம் பதிந்தால் நொடிக்கு ஏறத்தாழ 5 மெகாபிட் கிடைக்கும், போதும். ஈ-180 கசெட்டில் இருக்கும் மூன்று மணி நேரக் கலியாணத்தை முழுக்க ஒன்றிலேயே திணித்தால் மூன்றரைக்கு இறங்கும். அப்போது ஓமப்புகை எழும்போதும் அட்சதை விழும்போதும் திரை சதுரம் சதுரமாக உடையும். தாலி கட்டும் கணமே அந்தக் கணம்தான். இரண்டு டிஸ்க்காக எழுதுங்கள். வெற்று டிஸ்க்கின் விலை பென்ஸ் கணக்குத்தானே. ஒன்றில்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் இன்னொரு வழி இருக்கிறது. டிவிடித் தரம் 352 × 576 என்ற அரைஅகலப் படத்தையும் அனுமதிக்கிறது. வி.எச்.எஸ்ஸின் 240 கோட்டுக்கு அது தாராளம், பிட்டும் பாதியாகக் குறையும். டிவிடி ரெக்கார்டர்கள் நான்கு மணி நேர எல்பி முறையில் பல காலமாகச் செய்துவந்த வித்தை இது.

கணினியே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரே பெட்டியில் டெக்கும் டிவிடி எழுதியும் உள்ள கொம்பி கருவிகள் உண்டு. பானசோனிக், எல்ஜி, தோஷிபா எல்லாம் செய்தன. ஒரு பக்கம் கசெட், மறு பக்கம் வெற்று டிஸ்க், ஒரு பொத்தான். வயதானவர்கள் தாமாகவே மாற்ற இதைவிட இலகுவான வழி கிடையாது. ஆனால் செகண்ட்ஹாண்டில் டிஸ்க் எழுதும் லேசர் தேய்ந்திருக்கும் ஆபத்து அதிகம். வாங்குமுன் ஒரு டிஸ்க்கை எழுதவைத்து, அதை வேறு பிளேயரில் ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் ‘ஃபைனலைஸ்’ பண்ண வேண்டும். அதைச் செய்யாத டிஸ்க் அந்தப் பெட்டியில் மட்டும் ஓடும், அம்மாவின் பிளேயரில் ஓடாது. பெட்டி பழுதாகிப்போனால் எங்கேயும் ஓடாது. எத்தனையோ வீடுகளில் இன்று திறக்காத டிஸ்க்குகள் இப்படித்தான் கிடக்கின்றன.

கணினியில் எழுதுபவர்கள் வெளியே செருகும் டிவிடி ட்ரைவ் ஒன்றை இருபது முப்பது பவுணுக்குள் வாங்கலாம். டிவிடிஸ்டைலர், இம்க்பர்ன் இரண்டும் இலவச மென்பொருள். வெற்று டிஸ்க்கில் வெர்பாட்டிமின் அஸோ சாய வகையை எடுங்கள். டிவிடி மைனஸ் ஆர் என்றால் பழைய பிளேயர்களில் ஓடும் வாய்ப்பு அதிகம். வேகத்தைக் குறைத்து எழுதுங்கள். மேலே தாள் லேபல் ஒட்டாதீர்கள். அது உரிந்தாலும் சுருங்கினாலும் டிஸ்க்கைக் கொல்லும். எண்ணெய் கலக்காத மென்முனைப் பேனையே போதும்.

டிஸ்க்கை மட்டும் நம்பி இருக்கவும் கூடாது. அதன் சாயம் எத்தனை வருடம் தாங்கும் என்பது வைத்திருக்கும் விதத்தில் இருக்கிறது; வெயிலில் வைத்தால் சீக்கிரம் மங்கும். எழுதும் டிஸ்க்குகளைச் செய்யும் நிறுவனங்களும் ஒவ்வொன்றாக ஒதுங்குகின்றன. புகழ்பெற்ற தையோ யூடன் 2015இல் விலகியது, சோனி 2025 பெப்ரவரியில் எழுதக்கூடிய புளூரே டிஸ்க் உற்பத்தியை நிறுத்தியது. எனவே மூலக்கோப்பை இரண்டு வன்தட்டுகளில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். நொடிக்கு 8 மெகாபிட் அளவில் மணிக்கு 4 ஜிபிக்குள் அடங்கும். 1 டெராபைட் தட்டில் இருநூற்றைம்பது மணி நேரம் வைக்கலாம். எந்தத் தமிழ்க் குடும்பத்தின் சூட்கேஸும் அதைத் தாண்டாது. டிஸ்க் அம்மாவுக்கு, கோப்பு வீட்டுக்கு.

ரொறன்ரோ கசெட், பாரிஸ் கசெட்

வெள்ளைக்காரர் வீட்டில் அதிகம் வராத ஒரு சிக்கல் நம் சூட்கேஸில் உண்டு. இலங்கை, இந்தியா, பிரித்தானியா, ஜெர்மனி, சுவிஸ், நோர்வே எல்லாம் பால் முறை. கனடா என்டிஎஸ்சி, 525 கோடு, நொடிக்கு ஏறத்தாழ 30 படம். பிரான்ஸ் செகாம். சித்தப்பா பாரிஸில், பெரியம்மா ரொறன்ரோவில் என்று சிதறிய குடும்பத்தின் கசெட்டுகள் மூன்று முறையிலும் இருக்கும், வெளியே பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும்.

கனடாக் கசெட்டை லண்டன் டெக்கில் போட்டால் பல டெக்குகள் டிவிக்கு ஏற்றமாதிரி ஒரு கலப்புப் படத்தைக் கொடுக்கும். பால்60 என்பார்கள். டிவியில் அழகாகத் தெரியும். குச்சிக்குக் கொடுத்தால் நிறம் போகும், இல்லையேல் படம் உருளும். இந்த இடத்தில்தான் பலர் குச்சியை மாற்றி மாற்றி வாங்கிக் காசைக் கரைக்கிறார்கள். பிரெஞ்சு செகாம் கசெட் சாதாரண பால் டெக்கில் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையாக ஓடும். படம் அழிந்துவிடவில்லை, நிறத்தைப் படிக்க அந்த டெக்குக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

சாம்சங் எஸ்வி-5000டபிள்யூ, பானசோனிக் ஏஜி-டபிள்யூ1 போன்ற உலக டெக்குகள் எல்லா முறையையும் ஓட்டும். விலை எட்டாது, எட்டினாலும் உள்ளே நடக்கும் மாற்றத்தில் படம் கொஞ்சம் கெடும். கனடாவிலிருந்து டெக் இறக்குவதும் வீண்; 120 வோல்ட்டுக்கு ஒரு ட்ரான்ஸ்ஃபோமர் வேறு தேவைப்படும். என் யோசனை: கசெட்டைப் பயணப்படுத்துங்கள். ரொறன்ரோக் கசெட்டுகளை விடுமுறைக்குப் போகும் மருமகனிடம் கொடுத்து அங்கேயே மாற்றிக் கோப்பாக வாங்குங்கள். பாரிஸ் கசெட்டைப் பாரிஸில், லண்டனில் கிடக்கும் அவர்களுடைய பால் கசெட்டை நீங்கள் இங்கே. கசெட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போவது நல்லது. தொலையும் பெட்டி எப்போதும் கீழே போட்ட பெட்டிதான்.

கைக்கமரா வைத்திருந்தவர்கள் வீட்டில் சின்னக் கசெட்டும் இருக்கும். வி.எச்.எஸ்.-சி என்றால் ஒரு மாற்றிக் கூட்டுக்குள் வைத்துச் சாதாரண டெக்கில் போடலாம். சோனியின் வீடியோ8, ஹை8 வகைகளுக்கு அப்படியொரு கூடு கிடையாது; ‘கூடு இருக்கிறது’ என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். அவற்றுக்கு அந்த வகையை ஓட்டும் கருவியே வேண்டும்.

எல்லாவற்றையும் மாற்றத் தேவையில்லை

சூட்கேஸில் பாதி அந்தக் காலத்து வாடகைத் தமிழ்ப்படமாக இருக்கும். அவற்றை விட்டுவிடுங்கள். கடையில் விற்ற ஆங்கிலப்படக் கசெட்டுகளில் பலவற்றில் மக்ரோவிஷன் என்ற பிரதித் தடுப்பு உண்டு. டிவிடி ரெக்கார்டர் பதிய மறுக்கும். சட்டமும் குறுக்கே நிற்கிறது. காசு கொடுத்து வாங்கியதைச் சொந்தப் பாவனைக்குப் பிரதியெடுக்கலாம் என்ற விதியைப் பிரித்தானிய அரசு 2014 அக்டோபரில் கொண்டுவந்தது. உயர் நீதிமன்றம் 2015 ஜூலையில் அதை ரத்துச் செய்துவிட்டது. வீட்டு வைபவங்களில் இந்தத் தலையிடி குறைவு. ஆனால் தொண்ணூறுகளின் வீடியோக்காரர் மாப்பிள்ளை காரிலிருந்து இறங்குவதில் தொடங்கி, இதய வடிவத்துக்குள் பெண்ணின் முகம் சுழல்வது வரை இளையராஜா பாட்டைப் போட்டு நிரப்பியிருப்பார். அதை யூடியூபில் ஏற்றினால் பாட்டின் உரிமைக்காரர் வருவார். குடும்ப வாட்ஸ்அப்போடு நிறுத்திக்கொள்வது நிம்மதி.

கோயில் திருவிழா, ஊர்ச் சங்க ஒன்றுகூடல், தமிழ்ப் பள்ளி விழா மாதிரிப் பொதுவான கசெட் ஏதும் அகப்பட்டால் வீட்டோடு வைத்துக்கொள்ள வேண்டாம். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் புத்தகத்தோடு நிற்காமல் பல்லூடக ஆவணங்களையும் சேர்க்கிறது. லண்டன் மக்களின் வீட்டுப்படங்களைச் சேர்க்கும் லண்டன் திரை ஆவணக் காப்பகமும் இருக்கிறது. கோப்பாகக் கொடுக்கும்போது இடம், வருடம், யார் யார் என்ற விபரத்தையும் எழுதிக் கொடுங்கள். யாரென்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு இப்போது எண்பது வயது.

கடைசியில் கணக்கு. கடைகளில் ஒரு கசெட்டுக்குப் பொதுவாக 10 முதல் 25 பவுண் கேட்கிறார்கள். ஐந்தாறு கசெட் மட்டும் என்றால் டெக், பெட்டி, குச்சி என்று அலையாமல் கடையில் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: நேரத் திருத்தி பாவிக்கிறீர்களா, நொடிக்கு 50 அசைவையும் காப்பாற்றுவீர்களா, டிவிடியோடு மூலக்கோப்பையும் தருவீர்களா? முதல் கேள்விக்கே முழிக்கும் கடை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். முப்பது நாற்பது கசெட் இருந்தால் சொந்தமாகச் செய்வதே லாபம். நேரத்தையும் கணக்கில் எடுங்கள். மூன்று மணி நேரக் கசெட் மாற மூன்று மணி நேரம்தான் பிடிக்கும், எந்தக் கருவியும் அதை விரைவாக்காது. மூன்று குடும்பம் சேர்ந்து ஒரு செட் வாங்கி, மாதத்துக்கு ஒரு வீடு என்று சுற்றவிட்டால் ஆளுக்கு ஐம்பது பவுண் அளவில்தான் வரும்.

மாற்றி முடிந்த பிறகும் கசெட்டைக் குப்பையில் போடாதீர்கள். இன்னும் நல்ல கருவி ஒருநாள் கிடைக்கலாம். டெக்கை மட்டும் விற்றுவிடலாம். ஹெட் துடைத்து, ரிமோட்டோடு, ஓடுவதைப் படம்பிடித்துப் போட்டால் வாங்கிய விலைக்கே போகும். சிலவேளை கூடவே போகும்.